ரொட்டிப் பெட்டியில் வெடிமருந்து

காஸ்பர் நிரப்பிய தோட்டா வெடிக்காமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஹின்டர்மாட் என்ற அந்த மலையூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் காஸ்பரே சொல்வார்.

அந்தத் தோட்டா போடும் ரிவால்வர், அந்தக் காலத்துச் சுவிஸ் ராணுவத்தில் குதிரையேறிய சார்ஜென்ட்டுகளின் இடுப்பில் தொங்கியது. அவர்களுடைய பேரன்மார் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அதற்கான தோட்டாவைக் கடையில் தேடினால் கிடைக்காது. சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அதன் அடியில் மருந்துக்குப் பொறி கொடுக்கும் சிறு மூடியான பழைய கேப்பைத் தட்டி எடுத்து, புதுக் கேப்பு அழுத்தி, மருந்து அளந்து கொட்டி, ஈயக் குண்டை வாயில் இறுக்கினால்தான் உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் பள்ளத்தாக்கின் ஊர்களுக்குள் இந்தப் பழைய ரிவால்வர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கும். ஜெயித்த ஊரார் துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுகூடத்தில் ஒரு பெரிய மாட்டுமணி ஓராண்டு தொங்கும். அந்த மணிக்காக அண்ணன் தம்பிகூடப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்தவன் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்பது இந்த ஆட்களின் வேதவாக்கு. அடுத்தவன் பல் குத்திய குச்சியை வாயில் வைப்பாயா என்று கேட்பார்கள். இதற்கு ஊரிலேயே ஒரு விதிவிலக்கு யோஸ்ட். பாலாடைக்கட்டிப் பட்டறையில் வாழ்நாளெல்லாம் கை ஊறி ஊறி அவருடைய விரல்கள் இஞ்சிக் கிழங்காகிவிட்டன. ரிவால்வரைப் பிடிக்க வரும். கடுகளவு கேப்பை எடுத்து வைக்க வராது. அதனால் அவருக்கும் சேர்த்து நிரப்புவது காஸ்பர்தான். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாகப் பட்டாளத்துக்கும் போனவர்கள். யோஸ்ட்டின் மகள் வெரேனாவுக்கு ஞானஸ்நானத்தில் தலைதொட்டு ஞானத்தகப்பன் ஆனவர் காஸ்பர்.

அந்த வருஷம் போட்டிக்கு முந்திய வாரம் தெற்கத்திக் காற்று பிடித்துக்கொண்டது. தெற்கிலிருந்து வருகிறது என்றதும் தென்றல் என்று நினைத்து யாரும் சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டாம். பனிமலை முகட்டைத் தாண்டி உருண்டு இறங்கும்போதே காய்ந்து சூடேறி வருகிற பேய்க்காற்று. அது வீசினால் மாடு கறக்க விடாது, தலை இடிக்கும், நல்ல குடும்பத்திலும் தட்டு பறக்கும். பூட்டன் காலத்தில் ஒரு அடுப்புப் பொறி பறந்து பாதி ஊரைத் தின்றுவிட்டது. அன்று முதல் அந்தக் காற்றுக்கென்று ஊரில் சட்டம் உண்டு. வெளியில் புகைக்கக்கூடாது, தீ மூட்டக்கூடாது, வெடிமருந்தைத் திறக்கவே கூடாது. காற்றுக் காவல் என்று ஒருவர் வீடு வீடாகத் தட்டிப் பார்த்துப் போவார்.

முழங்கால் மக்கர் செய்யும்வரை அந்தக் காவலாக இருந்தவர் காஸ்பர். லேசுப்பட்ட காவல் இல்லை. ஒருமுறை யோஸ்ட்டையே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பைப்புப் புகையோடு பிடித்து ஊர்ச்சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். யோஸ்ட் ஊர்ச்சபையில் எழுந்து நின்று அபராதம் கட்டினார். சபையே சிரித்தது. பிள்ளைகள் வெகுநாள் வாயில் குச்சியைச் செருகிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்கள். யோஸ்ட் மட்டும் மறுநாள் ஒரு பாலாடைக்கட்டியோடு வந்து, "சட்டம்னா சட்டம்தான்டா, நீ செஞ்சது சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். காஸ்பர் அதன்பிறகு எந்த விருந்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்ததில்லை. சிநேகிதனையே விடாதவன் என்று தன் மீசையைத் தானே தடவிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

அப்படிப்பட்ட மனிதர்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆட, சமையலறை மேசையில் மருந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குளிர்காலம் முழுக்க நேரம் இருந்தது. அப்புறம் ஆகட்டும், அப்புறம் ஆகட்டும் என்று தள்ளியாயிற்று. விடிந்தால் போட்டி. யோஸ்ட்டின் தோட்டா தயாரா என்று முதல் நாள் கேட்டவர்களிடம், "காஸ்பர் வீட்ல எப்பவும் ரெடியா இருக்கும்," என்று பெருமை பேசியும் ஆகிவிட்டது. வாய் கொடுத்துவிட்டால் கை உழைத்துத்தானே ஆக வேண்டும்?

அவர் வேலை செய்யும் முறை மாறாது. துளை போட்ட இரண்டு மரப்பலகைகள். கேப்பு அழுத்திய கூடுகள் இடது பலகையில் வாய் கவிழ்ந்து நிற்கும். ஒன்றை எடுப்பார், தராசில் நிறுத்த மருந்தைக் கொட்டுவார், வலது பலகையில் வாய் மேலே பார்க்க நிறுத்துவார். கவிழ்ந்தது காலி, நிமிர்ந்தது நிறை. எல்லாம் முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். பிறகுதான் குண்டு. கடைசியில் மனைவி ரெகுலாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, கேப்புக்கு ஈரம் இறங்காதபடி ஒரு பொட்டு வைப்பார். நகப்பூச்சு தீர்ந்தால் அவளுக்குப் புதுசு வாங்கித் தரவும் மாட்டார்.

ஒரு கூட்டைக் கையில் எடுத்த நேரம் கதவு தட்டப்பட்டது.

"காஸ்பர் மாமா! காவல்!"

வெரேனாவின் குரல். இப்போது காற்றுக் காவல் அவள்தான். அவளுக்குக் காவல் தொப்பியைத் தன் கையால் மாட்டிவிட்டவரே காஸ்பர்தான்.

கையிலிருந்த கூட்டை வலது பலகையில் நிமிர்த்திச் செருகினார். செருகியது கை, மனசு ஏற்கெனவே கதவுக்கு ஓடிவிட்டது. ரெகுலாவின் ரொட்டிப் பெட்டி திறந்து கிடந்தது. பலகை, டப்பா, தராசு எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி மூடிவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெரேனாவின் முடி காற்றில் வைக்கோலாகப் பறந்தது. அவள் வாசலைத் தாண்டவில்லை.

"உங்க வீட்டையும் நான் பாக்கணுமா மாமா? சட்டத்தையே நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. சும்மா முகத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அத்தையோட பேரிக்காய் ரொட்டி ஒரு துண்டு இருந்தா கொடுங்க, காலைலேர்ந்து அலையறேன்."

காஸ்பரின் கண் தானாக ரொட்டிப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது.

"தீந்துபோச்சும்மா."

"ஐயே, உங்க வீட்லயா? அத்தைக்கு உடம்பு சரியில்லையா என்ன?" சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணைப் பசியோடு அனுப்பிவிட்டோமே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தப்பித்தோம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

பலகையை வெளியே எடுக்கும்போது பின்வாசல் வழியாக ரெகுலா வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா! எலிகூட அதுல ரொட்டியைத்தான் தேடும். நீ மருந்து வைக்கிறியா? அதுவும் இந்தக் காத்துல?"

"அஞ்சு நிமிஷம், முடிச்சிடறேன்."

"ஊரானைப் பிடிச்சுக் கொடுத்த வாய் இது. சீக்கிரம் முடிச்சு எடுத்துத் தொலை. யாராவது பாத்தா நான் கோயிலுக்குப் போக முடியாது."

காஸ்பர் மிச்சத்தை அள்ளிக் கொட்டினார். குண்டுகளை இறுக்கினார். சிவப்புப் பொட்டு வைத்தார். டார்ச் இழுப்பறையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காற்று ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. போட்டி ஹின்டர்மாட்டின் சுடுகூடத்திலேயே. வெளியில் வெள்ளைச் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. யோஸ்ட் முதல் சுற்றில் அருமையாகச் சுட்டார். சங்கத் தலைவர் எமில் மாட்டுமணி தொங்கப்போகும் ஆணியை இப்போதே நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசிச் சுற்று வேகச் சுற்று. ஒரு நிமிஷத்தில் ஆறு தோட்டா. காதில் மூடி, எட்டுப் பேர் வரிசையில், ஒரே நேரத்தில் இடி. யோஸ்ட்டின் இரண்டாவது தோட்டா டப் என்று செத்த சத்தம் போட்டதை அந்த இரைச்சலில் யாரும் கேட்கவில்லை. மருந்தில்லாத தோட்டா. கேப்பின் பலத்தில் மட்டும் நகர்ந்த குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி உட்கார்ந்துகொண்டது. யோஸ்ட் சுத்தியலை இழுத்து மூன்றாவதைச் சுட்டார்.

ரிவால்வர் அவர் கையில் துள்ளியது. அவர் அதை மெதுவாகப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்தினார்கள். தவளையை விழுங்கிய பாம்பாகக் குழல் நடுவில் புடைத்திருந்தது. அவருடைய தாத்தா எல்லைக் காவலுக்குக் கொண்டுபோன ரிவால்வர்.

யோஸ்ட்டின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை உறுதி செய்துகொண்டதும் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள்.

"சத்தம் குறைஞ்சா நிறுத்தணும்னு நேத்து சேந்த பயலுக்கும் தெரியுமே!"

"யோஸ்ட்டுக்குக் காது போயிடுச்சுப்பா. என் பெண்டாட்டி குட் மார்னிங் சொன்னா பதிலே இல்ல."

"உன் பெண்டாட்டிக்கு யாருதான் பதில் சொல்றா?"

எமில் சிரிக்கவில்லை. காஸ்பர் பக்கம் திரும்பினார். "காஸ்பர், கேக்கறதுக்கு மன்னிச்சுக்க. உன்னோடது ஒண்ணு காலியா இருந்திருக்க வாய்ப்பு...?"

காஸ்பருக்கு அந்தக் கணம் ரொட்டிப் பெட்டி கண்முன் வந்தது. கையில் ஒரு கூடு இருந்தது, கதவு தட்டியது, பிறகு கை காலியாக இருந்தது. அவ்வளவுதான் நினைவு. யோஸ்ட்டின் பக்கத்தில் வெரேனா நின்றுகொண்டிருந்தாள்.

"என் கையாலயா?" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் வாய் சும்மா இருக்காது.

"யோஸ்ட்டு, உன் பரண் டப்பால தாத்தா காலத்துத் தோட்டா கொஞ்சம் இருக்குமே. அதுல ஒண்ணு கலந்துடுச்சோ?"

யோஸ்ட் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதபோது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"கலந்தேனா? டப்பாவை இறக்கினது ஞாபகம் இருக்கு... போன மாசமோ என்னமோ, துடைக்க எடுத்தேன்." கோணல் விரல்களைப் பிசைந்தார். "நீ சொன்னா இருக்கும்டா. கலந்திருப்பேன்."

நீ சொன்னா இருக்கும். அந்த வார்த்தை காஸ்பரோடு வீடுவரை வந்தது. சாப்பாட்டிலும் உட்கார்ந்தது. ரெகுலா சூப்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

"நீயே ஊத்திக்க. எனக்குக் கை வரல."

"அவனோட பரண் தோட்டாவா இருந்தாலும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். நான் இங்கிலாந்து ராணியாவும் இருக்கலாம்."

புதன்கிழமை வெரேனா வந்தாள். கையில் ஒரு இருமல் மிட்டாய் டப்பா. சுட்ட கூடுகளை வெளிப்புறம் துடைத்து இப்படி டப்பாவில் திருப்பி அனுப்புவது யோஸ்ட்டின் வழக்கம். உலகமே இடிந்தாலும் அதை மட்டும் விடமாட்டார். அவள் உட்கார்ந்து, டப்பாவை மேசையில் வைத்தாள்.

"மாமா, அப்பா வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல விலகப் போறாரு. சுடுகூடத்துச் சாவியையும் கொடுத்திடப் போறாராம்."

"துப்பாக்கி கெட்டுப்போன வருத்தம்மா. சரியாயிடும்."

"துப்பாக்கியைப் பத்தி அவர் பேசவே இல்ல. தோட்டா கலந்தது ஞாபகம் வரலியாம். தினம் பரணுக்கு ஏறி அந்த டப்பாவைத் திறந்து எண்ணறாரு. இறங்கி வராரு. மறுபடி ஏறறாரு. பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதுன்னு சொல்றாரு."

யோஸ்ட்டின் அண்ணன் முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். தம்பி போனால், நீங்க யாரு, பால் கொண்டு வந்திருக்கீங்களா என்று மரியாதையாகக் கேட்பார்.

"நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். உங்களைவிட அவரை யாருக்குத் தெரியும்? நிஜமாச் சொல்லுங்க மாமா. அவருக்கு மறதி வந்துடுச்சா? நீங்க எதுனா கவனிச்சீங்களா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாசல் ஒரு மனிதனுக்குத் திறக்காது. காஸ்பர் மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவினார்.

"கொஞ்சம்... வயசாச்சில்லம்மா," என்றார்.

வெரேனா தலையசைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள்.

ஒருவன் தவறு செய்வது ஒன்று. தவறை மறைப்பது ஒன்று. இரண்டையும் மன்னிக்க ஊரில் நாலு பேர் இருப்பார்கள். சிநேகிதனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் பெண்ணிடமே சாட்சி சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது? காஸ்பருக்கே பெயர் கிடைக்கவில்லை. காது மடல் எரிந்தது.

கை சும்மா இருக்க முடியாமல் டப்பாவைத் திறந்தார். கூடுகளை மேசைமேல் கொட்டினார். எல்லாவற்றின் உள்ளேயும் புகைக்கரி. ஒன்றில் மட்டும் இல்லை. அடியில் கேப்பின் கறுப்பு ஒரு மச்சம் அளவுக்கு. மற்றபடி உள்சுவர் புதுக் கல்யாணப் பாத்திரமாக மின்னியது. திருப்பினார். மருந்தின் அழுத்தம் இல்லாததால் கேப்பு பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் ரெகுலாவின் நகப்பூச்சு, சிவப்பாக ஒரு பொட்டு.

பரண் தோட்டாவாக இருக்கலாம் என்று பிடித்துக்கொண்டிருந்த கடைசிக் கிளையும் முறிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுடுகூடத்தின் கூட்ட அறை நிறைந்திருந்தது. மாட்டுமணி பக்கத்து ஊருக்குப் போய்விட்டதால் ஆணி வெறுமனே இருந்தது. எமில் ஏதேதோ பேசி இழுத்தார். கடைசியில் யோஸ்ட் எழுந்தார். பட்டறைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையை அன்று தேய்த்துப் போட்டிருந்தார்.

"எனக்கே தெரியாம என் கை ஏதோ செய்யுது," என்றார். "அப்படிப்பட்டவன் துப்பாக்கியோட உங்க நடுவுல நிக்கக் கூடாது. யாருக்காவது ஏதாவது ஆகறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்." சாவியை மேசைமேல் வைத்தார்.

காஸ்பர் எழுந்தார். "அந்தத் தோட்டா என்னோடது."

யாரோ கைதட்டினார்கள். பின்னால் இன்னும் நாலு பேர்.

"சிநேகிதன்னா இப்படி இருக்கணும்யா!"

"பழியைத் தன் தலையில போட்டுக்கறான் பாரு, தங்கமான மனுஷன்."

எமிலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "உக்காரு காஸ்பர். உன் மனசு எங்களுக்குத் தெரியும்."

"இல்ல எமில், இதோ பாரு, என் சிவப்புப் பொட்டு..." என்று கூட்டை நீட்டினார்.

எமில் வாங்கக்கூட இல்லை. "பொட்டு யாரு வேணா வைக்கலாம். டார்ச் அடிச்சுப் பாக்காம நீ குண்டு வச்சேன்னு சொன்னா நான் நம்பணுமா? மலை நடந்துச்சுன்னு சொல்லு, நம்பறேன்."

மறுபடி கைதட்டல். காஸ்பர் அப்போதுதான் உணர்ந்தார். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, காற்றுச் சமாசாரத்தை அமுக்கிவிடலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். அந்தப் பாதியை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளாமல், பதிலுக்குப் புகழ்ச்சியை வேறு மடியில் கட்டுகிறார்கள். இப்போது உட்கார்ந்தால், சொல்ல வேண்டியதைச் சொன்னவனும் ஆகலாம், நல்லவனும் ஆகலாம். முழங்கால் மடங்கவும் ஆரம்பித்துவிட்டது. தன் முழங்காலை நினைத்து அவர் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

யோஸ்ட் கைதட்டவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டார்ச் அடிக்கல," என்றார் காஸ்பர். "ஏன் அடிக்கலேன்னா அவசரம். ஏன் அவசரம்னா சனிக்கிழமை. காத்துல."

யாரும் கைதட்டவில்லை.

"காத்து வீசறப்போ மருந்து டப்பாவைத் திறந்து வச்சிருந்தேன். காவல் வந்து கதவைத் தட்டிச்சு. கைல இருந்த காலிக் கூட்டை நிறைஞ்சதோட சொருகிட்டு எல்லாத்தையும் ரொட்டிப் பெட்டில ஒளிச்சேன். அதுதான் யோஸ்ட்டோட குழல்ல சிக்கினது. பரண் டப்பான்னு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அது எனக்குத் தெரிஞ்சே சொன்ன பேச்சு."

இதையும் யாராவது நம்பாமல் போயிருப்பார்கள். ஆனால் ஜன்னலோரம் நின்ற வெரேனா மெதுவாகச் சொன்னாள்:

"பேரிக்காய் ரொட்டி தீந்துபோச்சுன்னீங்க."

"தீரல," என்றார் காஸ்பர். "முழுசா இருந்துது. மருந்துக்கு அடியில."

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்கள். எமில் கூட்டைக் கையில் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அது கை மாறி மாறி அறையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தன்னையே துணி உரித்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது காஸ்பருக்கு. கடைசியில் அது யோஸ்ட்டிடம் வந்தது.

யோஸ்ட் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் கலக்கல," என்றார்.

"இல்லடா."

"நான் கலக்கவே இல்ல." மகளைத் திரும்பிப் பார்த்தார். "வெரேனா, கேட்டியா? நான் கலக்கல." அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைக் காஸ்பரால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டையைப் பிடித்திருந்தால் நிம்மதியாகவே இருந்திருக்கும்.

யோஸ்ட் மேசைமேல் இருந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே போகிற வழியில் காஸ்பர் அருகில் நின்றார். கூட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, அந்த இஞ்சி விரல்களால் அவர் கையை மூடினார்.

"நீ அன்னிக்கு என் கொட்டகைக்குப் பின்னால வந்தியே, ஞாபகம் இருக்கா? உன் பூட்ஸ் சத்தம் எனக்குத் தூரத்திலேயே கேட்டுது காஸ்பர். சாணிக் குவியல் பக்கத்துலயே இருந்துது. பைப்பைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடல. வாயிலயேதான் வச்சிருந்தேன்."

மகளோடு இறங்கிப் போய்விட்டார்.

அந்த வருஷ ஊர்ச்சபையில் காஸ்பர் எழுந்து நின்று அபராதம் கட்டினார். சிரிப்பு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. புடைத்த குழலுக்குப் பதிலாக, தன் ரிவால்வரையே பிரித்து அதன் குழலை மாட்டிக்கொள்ளும்படி யோஸ்ட்டிடம் கொடுத்தார். யோஸ்ட் வாங்கிக்கொண்டார். தோட்டா நிரப்ப மட்டும் இப்போது அவர் காஸ்பர் வீட்டுக்கே வந்து எதிரில் உட்காருகிறார். டார்ச்சைப் பிடிப்பது அவர். இருவரும் மாடுகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

இலையுதிர் காலத்தில் மறுபடி தெற்கத்திக் காற்று வந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் காஸ்பர் நொண்டிக்கொண்டே ஓடித் திறந்தார்.

"காவல்," என்றாள் வெரேனா. மாமா என்று சொல்லவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் பார்த்தாள். ரொட்டிப் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். காஸ்பர் தானே அதன் மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் குனிந்து பார்த்து, "சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பெட்டிக்குள் பேரிக்காய் ரொட்டி முழுசாக இருந்தது. அவள் கேட்கவில்லை. எடுத்துக்கொள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.